கட்டடக்கலைஞருக்கு வேண்டிய திறன்கள்

ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டும், மனிதர்கள் அதில் எப்படிப் புழங்குவார்கள், காற்றும் வெளிச்சமும் எந்த வழியாக வரும், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் வானம் தோண்டுவதற்கு முன்பே தீர்மானித்து வரைபடமாக்குபவர் கட்டடக்கலைஞர், அதாவது ஆர்க்கிடெக்ட். தூணின் பருமனையும் கம்பியின் அளவையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிடுகிறார். கட்டி முடிப்பது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. இவர்களோடு மின்சாரம், குழாய், தீத்தடுப்பு என ஒவ்வொரு துறையினரின் வேலையும் ஒன்றையொன்று இடிக்காமல் பொருந்தச் செய்வது கட்டடக்கலைஞரின் கடமை.

இத்தொழிலுக்குப் பல துறை அறிவு தேவை என்பது புதிய கருத்தல்ல. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் விட்ருவியஸ், நல்ல கட்டடத்துக்கு உறுதி, பயன், அழகு ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். கட்டடக்கலைஞர் வரைதலும் வடிவக்கணிதமும் மட்டுமன்றி வரலாறு, மருத்துவம், சட்டம், வானியல் ஆகியவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மயமதம் என்னும் சிற்பநூல் ஸ்தபதி, சூத்திரகிராகி, வர்த்தகி, தட்சகன் என நான்கு வகைத் தொழில் வல்லுநர்களைக் குறிப்பிட்டு, அனைவரையும் வழிநடத்தும் இடத்தில் ஸ்தபதியை வைக்கிறது.

இடத்தைக் கற்பனை செய்தல்

முதல் தேவை, இல்லாத இடத்தை மனத்துக்குள் பார்க்கும் ஆற்றல். தட்டையான தளவரைபடத்தைப் பார்த்ததும் அந்த அறையின் உயரம், சன்னல் வழியே விழும் வெயில், கதவைத் திறந்தால் கண்ணில் படுவது என எல்லாம் மனக்கண்ணில் எழ வேண்டும். ஓவியர் அளவுக்கு அழகாக வரைய வேண்டும் என்பதில்லை. எண்ணத்தைச் சில கோடுகளில் பிறருக்குப் புரியவைக்க முடிந்தால் போதும். ஆட்டோகேட், ரெவிட் போன்ற மென்பொருள்களைப் பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எதை வரைவது என்ற முடிவை மென்பொருள் எடுத்துத் தராது.

கணிதமும் அறிவியலும்

உயர்கணிதத்தைவிட அளவும் வடிவமும் பற்றிய தெளிவே அன்றாட வேலையில் உதவுகிறது. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தின் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் பொதுவாக 1:12. வாசல் தரையைவிட 45 செ.மீ. உயர்ந்திருந்தால் சாய்தளத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இதை முன்கூட்டியே கணக்கிடாதவர், கட்டி முடித்த பிறகு சாய்தளத்துக்கு இடம் தேடுவார்.

வெயிலின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் நண்பகல் சூரியன் வானில் உயரத்தில் நிற்பதால், தெற்குச் சன்னலுக்குச் சிறிய சன்ஷேடே போதிய நிழல் தரும். மாலை வெயிலோ தாழ்வாக வருவதால் மேற்குச் சன்னலின் சன்ஷேடுக்குக் கீழே புகுந்துவிடும். அங்கே செங்குத்துத் தடுப்போ மரமோ தேவை. இந்த அறிவு பெரிய நகரங்களின் பெரிய கட்டடங்களுக்கும் பொருந்தும். 2013ஆம் ஆண்டு லண்டனில் உள்குழிந்த கண்ணாடி முகப்பு கொண்ட ஓர் உயரக் கட்டடம் வெயிலைக் குவித்துத் தெருவில் பாய்ச்சியதில், அங்கே நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகின. பிறகு அந்த முகப்பில் வெயில் மறைப்புகளைப் பொருத்த வேண்டியதாயிற்று.

பொருளும் செலவும்

செங்கல், சிமெண்ட், மரம், கல் ஆகியவற்றின் இயல்பைக் கட்டுமான இடத்திலேயே கற்க முடியும். பர்மிங்ஹாமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் கேரளத்தில் பரப்பினார். இம்முறையில் சுமார் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கூரைத் தளத்தில் கான்கிரீட்டின் அடிப்பகுதி இழுவிசைக்கு உட்படுகிறது. அந்த இழுவிசையைக் கம்பியே தாங்குவதால், அங்குள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதியை நீக்கிப் பழைய ஓடுகளைப் பதித்தார். எடையும் செலவும் குறைந்தன. பொருளின் இயல்பை ஆழமாக அறிந்தவரால்தான் இப்படிச் சிக்கனம் செய்ய முடியும்.

மனிதரைப் புரிந்துகொள்ளுதல்

வீடு கட்டுபவர் தம் தேவையைத் தெளிவாகச் சொல்வது அரிது. மூன்று படுக்கையறை வேண்டும் என்பார். வயதான தாய் இரவில் எழுந்து கழிப்பறைக்குச் செல்லும் தூரத்தைச் சொல்ல மாட்டார். அதைக் கேட்டறிவதும் ஒரு திறன்தான். கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி இந்தூரில் வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில், வசதி குறைந்த குடும்பங்களுக்கு முழு வீட்டுக்குப் பதிலாக அடித்தளமும் கழிப்பறை, தண்ணீர் வசதிகளும் கொண்ட மனைகள் தரப்பட்டன. கையில் பணம் சேரச் சேர மக்கள் தங்கள் வீட்டை வளர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாழும் முறையைக் கவனித்ததால் கிடைத்த தீர்வு அது. தோஷி 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். இந்தியர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை.

கூட்டு உழைப்பும் பொறுமையும்

சிட்னி ஆப்பரா ஹவுஸ் இத்தொழிலின் உயர்வையும் இடரையும் ஒருங்கே காட்டுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ன் உட்சன் 1957இல் அதற்கான போட்டியில் வென்றார். சிப்பி ஓடு போன்ற அதன் கூரைகளைக் கட்டும் வழி அப்போது யாருக்கும் தெரியவில்லை. எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைத்தால் பாகங்களை ஒரே மாதிரி வார்த்தெடுக்கலாம் என்ற விடையை எட்டப் பொறியாளர்களுடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. செலவு, தாமதம் பற்றி அரசுடன் எழுந்த பூசலால் 1966இல் உட்சன் விலகினார். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என மதிப்பிட்ட வேலை 1973இல் முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம் ஆகியிருந்தது. வடிவக்கணிதச் சிக்கல் தீர்ந்தது. வேலை கொடுத்தவருடனான சிக்கல் தீரவில்லை. தன் எண்ணத்தை விளக்கவும், மறுப்பைக் கேட்டு வரைபடத்தை மாற்றவும், மாற்றக் கூடாத இடத்தில் உறுதியாக நிற்கவும் கட்டடக்கலைஞர் பழக வேண்டும்.

சட்டமும் பொறுப்பும்

தமிழ்நாட்டில் சுற்றிலும் விடவேண்டிய இடம், உயரம், வண்டி நிறுத்தம் முதலியவற்றை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வரையறுக்கின்றன. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இவ்விதிகளுக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். ஓலைக் கூரையும் குறுகிய படிக்கட்டும் அந்த இழப்பைப் பெரிதாக்கின. படிக்கட்டின் அகலத்தை இடத்தை வீணாக்கும் செலவாகக் கருதுபவர் இத்தொழிலுக்கு ஏற்றவர் அல்லர்.

திறனை மதிப்பிடும் முறை

இந்தியாவில் பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. நுழைவுக்கு நாட்டா தேர்வோ ஜே.இ.இ. மெயின் தேர்வின் கட்டடக்கலைத் தாளோ வழி. இரண்டிலும் கணிதத்துக்கு அப்பால் வரைதலும் காட்சி அறிவும் சோதிக்கப்படுகின்றன. கல்லூரியில் ஸ்டுடியோ வகுப்பே மையம். மாணவர் தம் வடிவமைப்பை ஜூரி எனப்படும் குழுவின் முன் வைத்து, ஒவ்வொரு சுவருக்கும் காரணம் சொல்ல வேண்டும். படிப்பின் ஒரு பகுதியாக ஓர் அலுவலகத்தில் செயல்முறைப் பயிற்சியும் உண்டு. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்தவரே கட்டடக்கலைஞர் என்ற பெயரைத் தம் பட்டமாகப் பயன்படுத்தலாம்.

தேர்வுகள் வரையும் கையையும் கணக்கிடும் திறனையும் அளக்கும். கேட்கும் பொறுமையையும் பொறுப்புணர்வையும் முழுமையாக அளக்க அவற்றால் இயலாது. வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய இலங்கையின் ஜெஃப்ரி பாவா, கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. அந்நாட்டின் புதிய நாடாளுமன்றத்தைப் பின்னாளில் வடிவமைத்தவர் அவரே. வரைதலில் பின்தங்கியவர் பயிற்சியால் தேறிவிடலாம். இடத்தையும் அதில் வாழ்பவரையும் கவனிக்கும் ஆர்வம் இல்லாதவர் வேறு துறையைத் தேர்வது நல்லது.