விலை இறங்கிய பென்ஸ்

பழைய சொகுசுக் கார் அடிமாட்டு விலைக்குக் கிடைப்பது ஏன்? 1998-இல் ஜெர்மனியில் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்புக் காரையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவற்றில் இரும்புச் சுருள்வில் கிடையாது. காற்றடைத்த ரப்பர் பைகளே வண்டியைத் தாங்குகின்றன. பயணம் தொட்டில் சுகந்தான்! ஆனால், ரப்பருக்கும் முதுமை உண்டல்லவா? நாளடைவில் வெடிப்பு விட்டுக் காற்று கசியும்; இரவு நிமிர்ந்து நின்ற கார் காலையில் தரையோடு படுத்திருக்கும். கசிவை ஈடுகட்ட ஓயாது ஓடும் கம்ப்ரசரும் கெட்டுவிடும். பையை விட்டுக் கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை. காரின் விலை இறங்கினாலும் உதிரிபாக விலை இறங்குவதில்லை: அமெரிக்காவில் ஒரு முன்சக்கரத்துக்கான புதிய அசல் பாகமே 1000 டாலரைத் தாண்டும். வாங்குமுன் காரை ஓரிரவு நிறுத்திவைத்து, நான்கு மூலைகளிலும் உயரத்தை அளந்து பார்ப்பதற்கோ காசு செலவில்லை.