தேர்ச்சிச் சதவீதமும் தீப்பெட்டிக் கட்டையும்

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நான்கு உவமைகள் சொல்கிறது: நிலம், மலை, நிறைகோல், மலர். ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் பரீட்சைக்கு உருப்போட்டு மறந்துவிட்ட இந்தப் பட்டியலில் இரண்டு உவமைகள் இன்றைய விவாதத்துக்கு வேண்டியவை. முடத்தெங்கு என்பது ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்துபோய் அடுத்தவர் வளவில் காய் உதிர்க்கிற தென்னை. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு சாயங்காலம் டியூஷனில் மட்டும் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவரை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது. மற்றது நிறைகோல், அதாவது தராசு. நன்னூலில் ஆசிரியரே தராசு. இன்று அவர் தட்டில் ஏற்றப்பட்ட சரக்கு. ஆசிரியர் பதில் சொல்ல வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த எடைக்கல்லைப் போட்டு நிறுக்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் அந்த எடைக்கல் தேர்ச்சிச் சதவீதம். 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் நெடுங்காலம் மாநில முதலிடத்தை வைத்திருந்தது. 2018லும் 2023லும்கூட முதலிடம். ரிசல்ட் வந்த அன்று டீக்கடையில் "இந்த வருசமும் நம்ம ஜில்லாதான்" என்று பேசிக்கொள்வதை நான் ஏளனம் செய்யமாட்டேன். வானம் பார்த்த பூமியில் படிப்பைத் தவிர வேறு பாசனம் இல்லை. ஆனால் அந்தச் சதவீதம் ஆசிரியரை அளக்கும் கருவியாகும்போது நடப்பது வேறு. நூறு காட்டிய தலைமையாசிரியருக்குப் பொன்னாடை, குறைந்தவருக்கு மீட்டிங்கில் எழுந்து நின்று விளக்கம்.

சதவீதம் ஒரு பின்னம். மேலே தொகுதி, கீழே பகுதி. ஒரு வகுப்பில் 40 பேர், தேறக்கூடியவர்கள் 36 என்றால் 90 சதவீதம். மீதி நாலு பேரைப் பரீட்சைக்கு முன்பே கழித்துவிட்டால் 36க்கு 36, நூறு சதவீதம். யாரும் ஓர் எழுத்துக்கூடக் கூடுதலாகக் கற்கவில்லை. பகுதிதான் சுருங்கியது. சுருக்குகிற வழிகள் ஊருக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவைப்பது ஒன்று. "டி.சி. வாங்கிட்டுப் பிரைவேட்டா எழுதச் சொல்லுங்கம்மா, உங்க பிள்ளைக்குத்தான் நல்லது" என்று தாயைக் கூப்பிட்டுப் பேசுவது இன்னொன்று.

சிவகாசியை இங்கேதான் சேர்த்து வாசிக்க வேண்டும். எண்பதுகளில் கருக்கலிலேயே ஊர் ஊராகப் போய்த் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டது. அதே காலத்தில்தான் மாவட்டம் தேர்ச்சியில் பெயர் வாங்கியது. இரண்டும் எப்படி ஒத்துப்போயின என்று வெளியூர் நண்பர்கள் வியப்பார்கள். வியப்புக்கு ஒன்றுமில்லை. கட்டை அடுக்கப் போன பிள்ளை தோற்றவர் கணக்கில் வருவதில்லை. அது பகுதியிலேயே கிடையாது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பிள்ளைகளைச் சிறப்புப் பள்ளிகளில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லித்தந்தவர்கள் சொற்பத் தொகுப்பூதியக்காரர்கள். அவர்கள் செய்தது பகுதியைப் பெருக்கும் வேலை. அங்கிருந்து வழக்கமான பள்ளிக்கு வந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் தவறினால், சேர்த்துக்கொண்ட பள்ளிக்குத்தான் சதவீதம் இறங்கும். நம் அளவுகோல் தண்டிப்பது யாரை என்று பாருங்கள்.

இது புதிய நோயும் அல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, பிள்ளைகளின் வருகையையும் வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்ச்சியையும் எண்ணியே பள்ளிக்கு மானியம். நம்ம ஊர் பாஷையில் பீஸ் ரேட். குரோசுக்கு இவ்வளவு என்பதுபோல. பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இதை விடாமல் எதிர்த்தார். பாடம் இயந்திரமாகிவிடுகிறது என்பது அவர் வாதம். சென்னை மாகாணத்திலும் இந்த 'ரிசல்ட் கிராண்ட்' வேர்பிடித்திருந்தது. 1904இல் கர்சன் காலக் கல்வித் தீர்மானம் அதைக் கைவிட்டது. பீஸ் ரேட்டில் கை வேகமாக ஓடும். பட்டாசு அறையில் அந்த வேகம் என்ன செய்யும் என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக ஊக்கத்தொகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இடதுசாரி நண்பர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். 2005 முதல் ஆந்திர கிராமப்புற அரசுப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய சோதனையில், பிள்ளைகள் முன்னேறிய அளவுக்கு ஆசிரியர்களுக்கு போனஸ் கொடுத்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் மேலேறினார்கள். அதில் நான் கவனித்தது வேறொன்று. முன்னேற்றத்தை அந்தந்தப் பிள்ளை தொடங்கிய இடத்திலிருந்து அளந்தார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்து கடைசித் தேர்வுக்கு வராமல்போன பிள்ளைக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். கழித்துக்கட்டினால் நஷ்டம். பகுதியைப் பூட்டிவிட்டார்கள்.

விருதுநகர் சத்திரிய வித்யாசாலையை நாடார் சமூகத்தார் மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியாலும் நடத்தினார்கள். அரிசி போட்ட வீட்டுப் பெண்ணுக்கு வாத்தியாரைக் கேட்க வாயிருந்தது. (சாதிக்குள் சுருங்கிய உரிமை அது, அதை மறைக்க வேண்டாம்.) அந்தப் பள்ளியிலிருந்தும் ஒரு பையன் ஆறாம் வகுப்போடு நின்றான். பெயர் காமராஜ். முதலமைச்சரானதும் அவர் மதிய உணவு போட்டு, ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார். இந்த மாநிலத்தின் பகுதியை அப்படிப் பெருக்கியவர், தான் படித்த பள்ளியின் பகுதியில் இல்லாதவர்.

இப்போது ஆண்டுதோறும் செப்டம்பர் 5இல் மாநில நல்லாசிரியர் விருது தருகிறோம்: 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். வாங்குகிறவர்களில் உண்மையான நிலங்களும் மலைகளும் உண்டு. அந்தக் கோப்பில் ஒரு தாளைச் சேர்க்கச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே பள்ளியிலோ வேறு பள்ளியிலோ பத்தாம் வகுப்பு எழுதினார்கள்? ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது, தேடுவது கஷ்டமில்லை. "குடும்பமே பிழைப்புக்கு வெளியூர் போனா அதுக்கும் நானா பொறுப்பு?" என்று ஆசிரியர் கேட்பார். நியாயம்தான். போனதற்கு அவர் பொறுப்பில்லை. எங்கே போனான் என்று தெரியுமா, தேடி வீட்டு வாசல்வரை போனீர்களா என்பதற்கு மட்டும் அவர் பதில் சொன்னால் போதும்.