உடற்பருமனும் நோய்க் குறியீடும்

சங்கக் கணக்கில் ஒரு செலவு எந்தத் தலைப்பின் கீழ்ப் பதியப்படுகிறதோ, அந்தத் தலைப்பில்தான் அது ஆண்டறிக்கையில் இடம்பெறும். பேரேட்டில் ஏறாத செலவு அறிக்கையிலும் இராது. மருத்துவமனை ஆவணமும் இத்தகையதே. மருத்துவர் எழுதிய நோய்க்கே குறியீடு இடுவர். அவ்வாறு குறியிடப்பட்டதே கணக்கில் சேரும்.

1893-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புள்ளியியல் அறிஞர் ழாக் பெர்ட்டியோன் மரணக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் வகுத்தார். 1948 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் அதனை விரிவாக்கிப் பேணி வருகிறது. அதன் பத்தாம் திருத்தத்தில் உடற்பருமனுக்குரிய குறியீடு இ66. 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் அது 5பி81.

இனி, எவரைப் பருமன் உடையவர் என்பது? கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். 30-ம் அதற்கு மேலும் பருமன் என்பது உலகப் பொது அளவு. நம்மவர்க்குக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவும் இருதய நோயும் தோன்றுவதால், 2009-ல் வெளியான இந்திய மருத்துவ வழிகாட்டுதல் 25 முதலே பருமன் எனக் கொண்டது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் அது கூறுகிறது.

உத்திரமேரூர்ப் பக்கத்து நெசவாளர் ஒருவர் 160 சென்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் உடையவர் எனக் கொள்வோம். அவர் எண் ஏறக்குறைய 25.8. உலக அளவின்படி அவர் எடை மிகுந்தவர் மட்டுமே. இந்திய அளவின்படியோ பருமன் உடையவர். நீரிழிவுக்காகச் சிகிச்சை பெறும் அவருடைய சீட்டில் நீரிழிவு மட்டும் எழுதப்பட்டால், அதற்குத் துணைநின்ற பருமன் கணக்கிலும் வராது. அடுத்து அவரைக் காணும் மருத்துவரின் கவனத்திற்கும் எட்டாது போகலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 40 பெண்களும் 37 ஆண்களும் 25-ம் அதற்கு மேலுமான எண் உடையவராகக் காணப்பட்டனர். ஆகவே இது சிலரது குறை அன்று.

எடை குறைவதும் கவனத்திற்குரியது. காரணமின்றி எடை குறைவதற்கு ஆர்63.4 எனத் தனிக் குறியீடு உண்டு. நீரிழிவோ காசநோயோ அதன் பின்னே இருக்கக்கூடும். ஆதலால் தானாக இளைத்ததை நன்மையெனக் கருதி வாளாவிருத்தல் தகாது.

பாவு நூலையும் நெல்லையும் நிறுத்தே கொடுத்து வாங்கும் அங்கத்தினர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது தம் எடை, உயரம், இடுப்பளவு ஆகியவற்றையும் அளக்கச் செய்து சீட்டில் குறித்துப் பெறுவார்களாக. பருமன் உண்டெனில் அதனையும் நோய்களின் வரிசையில் எழுதித் தருமாறு கேட்கலாம். அச்சீட்டுகளைப் பாஸ் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினால், எடை ஏறுவதும் இறங்குவதும் அடுத்த முறை மருத்துவருக்குத் தெளிவாகும்.