பேரரசரைக் காக்க வந்தவரும் கவிழ்க்க வந்தவரும்

பினாங்கு என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது கப்பல் பயணமும், சூலியா தெருவும், குயின் தெரு மாரியம்மன் கோயிலும்தான். அதே துறைமுக ஊரில், காப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஆர்மீனியன் தெரு வரும். அங்குள்ள 120ஆம் எண் வீடு இன்று ஓர் அருங்காட்சியகம். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு மேல் நடந்த முடியாட்சியைக் கவிழ்க்கப் பணம் திரட்டிய வீடு அது.

மன்னராட்சி ஏன் விழுகிறது? கொடுங்கோன்மையால் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சீனாவை ஆண்ட சிங் வம்சம் தன் கடைசிப் பத்தாண்டுகளில் சீர்திருத்தம் செய்துகொண்டேதான் இருந்தது. செய்யச் செய்ய எதிர்ப்பு தணியவில்லை, முற்றியது. அது எப்படி?

பினாங்குக்கு முதலில் வந்தவர் காங் யூவெய் என்ற அறிஞர். 1898இல் இளம் பேரரசர் குவாங்சூவுடன் சேர்ந்து பெரிய மாற்றங்களைத் தொடங்கியவர். நூறு நாள் தாண்டியதும் பேரரசி சிக்சி அதை நசுக்கினார். பேரரசர் அரண்மனைச் சிறையில்; காங் வெளிநாட்டில். 1900இல் அவர் பினாங்கு வந்தபோது ஆங்கிலேய அதிகாரிகள் அரசு மாளிகையிலேயே இடம் கொடுத்து, காவலும் போட்டார்கள். அவர் கேட்டது என்ன? பேரரசர் இருக்கட்டும், அரசியல் சட்டமும் இருக்கட்டும். அவ்வளவுதான்! கடலோரச் சீன வணிகர்கள் பலருக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. சொத்துள்ளவர்களுக்கு ரத்தம் சிந்தும் புரட்சி எதற்கு?

அரண்மனையும் மெல்ல இறங்கி வந்தது. 1905இல் பழைய அரசுத் தேர்வு முறையை ஒழித்தது. 1908இல் அரசியல் சட்டம் தருவதாக ஒப்புக்கொண்டது. எப்போது? ஒன்பது ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டு நவம்பரில் பேரரசரும் சிக்சியும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். மூன்று வயது நிரம்பாத பூயி அரியணை ஏறினான். மாகாண மன்றங்கள் நாடாளுமன்றம் கேட்டு மனுமேல் மனு போட்டன. 1910 நவம்பரில், 1913இல் தருகிறோம் என்று பதில் வந்தது. இனி மனுவே போடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

9 தோல்விக்குப் பின் ஒரு கூட்டம்

அதே நவம்பரில் பினாங்கில் இன்னொருவர் இருந்தார். டாக்டர் சுன் யாட் சென். பேரரசரே வேண்டாம் என்பது அவர் கட்சி. அவருடைய இயக்கத்தின் 9 எழுச்சிகள் அதற்குள் தோற்றிருந்தன. கொடுத்த பணம் வீணாகிறதே என்று ஆதரவாளர்களே சலித்திருந்த நேரம். நவம்பர் 13ஆம் தேதி ஹுவாங் சிங் முதலிய தோழர்களைக் கூட்டி, காண்டன் நகரில் இன்னொரு முறை எழுவது என்று முடிவு செய்தார். இலக்கு 1 லட்சம் வெள்ளி. ஆர்மீனியன் தெரு வீட்டில் அவர் பேசிய கூட்டத்தில் அங்கேயே 8000 வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. கோ சே எங் என்ற பினாங்கு வணிகர் குடும்பச் சொத்தையே விற்றுக் கொடுத்தார். டிசம்பரில் ஆங்கிலேய அரசு சுன்னை வெளியேறச் சொல்லிவிட்டது. முன்னவருக்கு மாளிகை, இவருக்கு வெளியேற்ற உத்தரவு! அவர் குடும்பம் பினாங்கிலேயே தங்கியது. வீட்டுச் செலவை ஆதரவாளர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

இத்தனை தியாகமும் என்ன ஆயிற்று? 1911 ஏப்ரல் 27 அன்று காண்டன் எழுச்சியும் தோற்றது. 72 தியாகிகள் என்று சீனா இன்றும் போற்றுகிறது. கடல் கடந்த நாடுகளிலிருந்து போன இளைஞர்களும் அவர்களில் உண்டு.

ஆகவே, பினாங்கில் போட்ட திட்டம் நேராக அரியணையைச் சாய்த்தது என்று சொல்வது மிகை. சாய்த்துக்கொண்டது அரண்மனையேதான். மறுமாதமே அது முதல் அமைச்சரவையை அறிவித்தது. 13 பேரில் ஹான் சீனர்கள் நால்வர்தான். மற்ற இடங்களில் பெரும்பாலும் மஞ்சு பிரபுக்கள், அரச குடும்பத்தார். பொறுமையாக மனுப் போட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? போதாததற்கு, மக்கள் பங்கு போட்டுத் தொடங்கிய ரயில் பாதைகளை அரசு எடுத்துக்கொண்டது. சிச்சுவான் மாகாணம் கொதித்தது. அதை அடக்க வூசாங் நகரிலிருந்து படையை அனுப்பினார்கள். ஆள் குறைந்த அந்த நகரில்தான் அக்டோபர் 10ஆம் தேதி அரசின் சொந்தச் சிப்பாய்களே துப்பாக்கியைத் திருப்பினார்கள். சுன் அப்போது அமெரிக்காவில். பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். நேற்றுவரை மனுப் போட்ட மாகாண மன்றத் தலைவர்களே ஒவ்வொரு மாகாணமாகப் பிரிந்து புரட்சிப் பக்கம் சேர்ந்தார்கள். நவம்பரில் அரண்மனை பதறிப்போய், பேரரசரின் அதிகாரத்தைப் பெரிதும் குறைக்கும் 19 விதிகளை ஏற்றுக்கொண்டது. காங் யூவெய் 13 ஆண்டுகளாகக் கேட்டது கிட்டத்தட்ட அதுவேதான். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. 1912 பிப்ரவரி 12 அன்று, ஆறு வயதுப் பூயியின் பெயரில் முடிதுறப்பு ஆணை வெளியானது.

குடியரசு மட்டும் சுகமாக நடந்ததா என்றால் இல்லை. சுன்னிடமிருந்து தலைமையை வாங்கிய தளபதி யுவான் ஷிகாய், 1915 இறுதியில் தானே பேரரசர் என்றார். மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. 1917 ஜூலையில் இன்னொரு தளபதி பூயியை மறுபடி அரியணையில் உட்கார வைத்தார். உடன் நின்றவர்களில் காங் யூவெய்யும் ஒருவர். அந்த ஆட்சி 12 நாளில் முடிந்தது. சுன்னின் தோழர்கள் 1910 டிசம்பரில் பினாங்கில் தொடங்கிய குவாங் வா யிட் போ என்ற சீன நாளிதழோ நூறாண்டைக் கடந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது.