யானைத் தீவுக்கு ஒரு நாள் பயணம்

மும்பைக்குப் பக்கத்தில் கடலில் ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயர் எலிஃபண்டா. யானைத் தீவு என்று பொருள். ஆனால் அங்கே போனால் யானையைப் பார்க்க முடியாது. பிறகு ஏன் இந்தப் பெயர்?

1534-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் இந்தத் தீவைப் பிடித்தார்கள். படகை விட்டு இறங்கியதும் கரையில் ஒரு பெரிய கல் யானை நின்றது. அதைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர்தான் இது. உள்ளூர் மக்கள் இன்றும் காராபுரி என்றே சொல்கிறார்கள்.

தீவுக்குப் போக மும்பையில் 'கேட்வே ஆஃப் இந்தியா' என்ற பெரிய வாசலுக்கு வர வேண்டும். அங்கிருந்து காலை முதல் மோட்டார் படகுகள் புறப்படும். அவற்றை லாஞ்சு என்பார்கள். கடலில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. இது தெரியாமல் குடும்பத்தோடு வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. படகுச் சீட்டைத் தொலைக்கக் கூடாது. திரும்பி வரும்போதும் அதே சீட்டைக் கேட்பார்கள்.

படகில் ஏறியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வைக்கும் சட்டை அது. 2024 டிசம்பர் 18 அன்று, இந்தத் தீவுக்குப் போன பயணிகள் படகின் மேல் கடற்படையின் வேகப் படகு ஒன்று மோதியது. பத்துப் பேருக்கு மேல் இறந்து போனார்கள். கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துச் சட்டையைக் காலடியில் போட்டு வைக்கக் கூடாது.

தீவில் இறங்கியதும் ஒரு குட்டி ரயில் நிற்கும். குழந்தைகள் அதை விட மாட்டார்கள். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். இரண்டு பக்கமும் கடைகள். மாங்காய்க் கீற்று, புளி, நெல்லிக்காய் எல்லாம் கிடைக்கும். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு பிடுங்கிக்கொள்ளும். ஏற முடியாத பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போகும் ஆட்களும் உண்டு.

மேலே வழிகாட்டிகள் இருப்பார்கள். கூலியை முதலிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது. அவர்கள் பெரும்பாலும் இந்தி, மராத்தி, ஆங்கிலம் பேசுவார்கள். மொழி புரியாவிட்டாலும் கவலை இல்லை. சிலைகளைப் பார்த்ததும் கதை நமக்கே தெரிந்துவிடும். இதோ இராவணன் கயிலை மலையைத் தூக்குகிறான். இதோ சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம். மணப்பெண் வெட்கப்பட்டு நிற்கிறாள். இதோ கங்கையைச் சடையில் தாங்குகிறார். ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண்ணாக அர்த்தநாரியும் நிற்கிறார்.

இந்தக் குகை செங்கல் வைத்துக் கட்டியது அல்ல. மலையைக் குடைந்து, வேண்டாத கல்லை எடுத்துவிட்டார்கள். மிச்சம் நின்றதுதான் தூணும் சிலையும். ஓர் அடி தவறாக விழுந்தாலும் உடைந்ததை ஒட்ட முடியாது.

உள்ளே கடைசிச் சுவரில் மூன்று முகம் கொண்ட பெரிய சிலை இருக்கிறது. உயரம் சுமார் 18 அடி. இருட்டில் கொஞ்ச நேரம் நின்றால்தான் கண்ணுக்குப் பிடிபடும். நடுமுகம் கண்ணை மூடி அமைதியாக இருக்கிறது. ஒரு பக்க முகத்தில் கோபம். மறுபக்க முகம் பெண்ணைப் போல மென்மையானது. பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று பலர் இதைச் சொல்வார்கள். மூன்றும் சிவனுடைய முகங்களே என்பது அறிஞர்களின் கருத்து.

இதை யார் செய்தார்கள்? பாண்டவர்கள் செய்தார்கள் என்று ஒரு கதை. சிவபக்தனான பாணாசுரன் செய்தான் என்று இன்னொரு கதை. ஆராய்ச்சியாளர்களோ சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் செய்தது என்கிறார்கள். களச்சூரி வம்சத்துக் கிருஷ்ணராஜன் என்ற அரசனின் சின்னச் சின்னக் காசுகள் தீவில் நிறையக் கிடைத்தன. அவன் காலத்தில் சிற்பிகளுக்குக் கூலியாகக் கொடுத்த காசாக அவை இருக்கலாம்.

ஏன் இவ்வளவு சந்தேகம்? முன்பு இந்தக் குகையில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருந்தது. போர்த்துக்கீசியர் அதைப் பெயர்த்துத் தங்கள் நாட்டு அரசருக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் படிக்க யாருக்கும் தெரியவில்லை. பிறகு கல்லும் காணாமல் போய்விட்டது. செய்தவர் பெயர் அதில் இருந்திருக்கலாம். நம் மாமல்லபுரத்து ரதங்களையும் பாண்டவர் ரதம் என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். ஆனால் பல்லவ அரசனின் பட்டப் பெயர்கள் அங்கே கல்லில் வெட்டியபடி அப்படியே இருக்கின்றன. அதனால் செய்தவர் யார் என்று தெரிந்தது. இங்கே எழுத்துப் போய்விட்டது, கதைதான் மிச்சம்.

பல சிலைகளின் கை கால்கள் உடைந்து கிடக்கின்றன. போர்த்துக்கீசியச் சிப்பாய்கள் துப்பாக்கியால் சுட்டுப் பழகினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தண்ணீர் தேங்கியும் பாழானது உண்டு. 1987-இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தீவில் மூன்று சிற்றூர்கள் உள்ளன. மீன் பிடிப்பதும் பயணிகளிடம் விற்பதுமே பிழைப்பு. எதிர்க்கரையில் மும்பை விளக்குகள் மின்னும். ஆனால் இந்த ஊர்களுக்குக் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் வந்தது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான்.

பயணிகள் இரவு தங்க முடியாது. கடைசி லாஞ்சு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அந்தக் கல் யானை எங்கே? 1864-இல் ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் யானை விழுந்து துண்டு துண்டாக உடைந்தது. 1914-இல் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி நிறுத்தினார்கள். இன்று அது மும்பை பைகுல்லாவில், ஜீஜாபாய் பூங்காவை ஒட்டிய அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது. பூங்காவுக்குப் புதன்கிழமை விடுமுறை.