அலைகளுக்கு உரியவர் யார்?

நுழையும்முன்

வானொலி என்றதும் அறிவிப்பாளரின் குரலும் விரும்பிய பாடலும் நம் நினைவுக்கு வருகின்றன. அக்குரலுக்குப் பின்னே உரிமம் பெற்றவர், பணம் தருபவர், முடிவெடுப்பவர் எனச் சிலர் இருக்கின்றனர். நிலையம் எதைப் பேசும், எதைப் பேசாது, எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பனவற்றை அவர்களே பெரிதும் வரையறுக்கின்றனர். தாமிரபரணிக் கரையை நடுவாகக் கொண்டு இவ்வுண்மையை விளக்குகிறது இக்கட்டுரை.

ஒரு வெள்ள இரவு

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே சிக்கிக்கொண்டனர். பல ஊர்களில் மின்சாரம் தடைப்பட்டது. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது.

இத்தகைய இரவில், மின்கலத்தால் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியே வெளியுலகோடு நம்மை இணைக்க வல்லது. பாபநாசம் அணையிலிருந்து எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது, எந்தப் பாலம் மூழ்கிவிட்டது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம் என்பனவற்றை அது சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்ல வேண்டுமாயின், அந்நேரத்தில் நிலையத்தில் ஒருவர் பணியில் இருக்க வேண்டும். அவர் இவ்வூர்களை அறிந்தவராக இருக்க வேண்டும். வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுப் பேசும் அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். ஒலிபரப்புக் கருவி எவ்வளவு ஆற்றல் உடையதாயினும் இம்மூன்றையும் அதனால் தர இயலாது. இவற்றைத் தருவது நிலையத்தின் உடைமையும் மேலாண்மையுமே.

ஆகவே, எந்த வானொலி நிலையத்தைப் பற்றியும் நாம் மூன்று வினாக்களை எழுப்பலாம். நிலையம் யாருக்கு உரியது? அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அன்றாட முடிவுகள் எந்த ஊரில் எடுக்கப்படுகின்றன?

ஆர்வமும் பணமும்

தமிழ்நாட்டு வானொலியின் வரலாறு ஆர்வலர்களிடமிருந்து தொடங்குகிறது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31இல் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. கழகத்தின் உடைமையாளர்கள் அதன் உறுப்பினர்களே. அவர்களிடம் ஆர்வம் மிகுந்திருந்தது, பணமோ போதவில்லை. 1927இல் ஒலிபரப்பு நின்றது.

கழகம் தன் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அக்கருவியைக் கொண்டே ஒலிபரப்பியது. கடற்கரை, பூங்கா முதலிய பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க இயலாதவர்களும் இசை கேட்டனர். உறுப்பினர்களுக்கான கழகத்தின் கையில் இருந்த வானொலி, வரி செலுத்தும் மக்களின் மன்றத்துக்கு வந்ததும் தெருவுக்கு வந்தது. உடைமை மாறியபோது கேட்போரும் மாறினர் என்பதற்கு இது முதற்சான்று.

அதே காலத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் முதலீட்டில் நிலையங்கள் நடத்திய இந்திய ஒலிபரப்பு நிறுவனம், வானொலிப் பெட்டி வைத்திருப்போர் செலுத்தும் உரிமக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்தது. உரிமம் பெற்றோர் எண்ணிக்கை 8,000ஐக்கூட எட்டவில்லை. 1927இல் தொடங்கிய அந்நிறுவனம் 1930இல் கலைக்கப்பட்டது. அரசு அப்பணியை ஏற்றது. 1936இல் அது அகில இந்திய வானொலி என்னும் பெயர் பெற்றது.

அரசின் கையில்

1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலியின் நிலையங்கள் அமைந்தன. திருநெல்வேலி நிலையம் 1963 டிசம்பர் 1இல் தொடங்கியது. 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் அதன் குரல் ஒலித்தது.

அரசு உடைமையின் பெருவலிமை, இலாபம் தேடாமல் இயங்க முடிவது. கார் பருவ நாற்றங்காலுக்கும் பிசானப் பருவத்தின் பூச்சித் தாக்குதலுக்கும் விளம்பரதாரர் எவரும் பணம் தரமாட்டார். ஆயினும் வேளாண்மைக்கென ஒரு பிரிவையே அரசு வானொலியால் நடத்த முடிந்தது. 1960களில் தஞ்சைப் பகுதியில் வானொலிவழிப் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்வகையை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். விதைக்குப் பெயரிடும் அளவுக்கு வானொலி வயலுக்குள் சென்றது.

அரசு உடைமைக்குக் குறையும் உண்டு. ஓரிடத்தில் எடுக்கும் முடிவு எல்லா நிலையங்களையும் கட்டுப்படுத்தும். 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கும் எனக் கருதி, அவற்றுக்கான நேரத்தைக் குறைத்தார். கேட்போரோ அப்பாடல்களைத் தேடி இலங்கை வானொலிக்குச் சென்றனர். 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியும் ஓர் அரசு நிறுவனமே. அதன் மேலாண்மையோ கேட்போரின் விருப்பத்தை மதித்தது, விளம்பரத்தையும் ஏற்றது. தென்தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் கொழும்பின் குரல் தெளிவாகக் கேட்டது. மயில்வாகனம், அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் இங்கு வீட்டுப் பெயர்களாயினர். இழந்த நேயர்களை மீட்க, 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கப்பட்டது.

இரண்டும் அரசு உடைமைகளே, மேலாண்மைதான் வேறு. நிலையத்தின் ஏற்றத்தாழ்வை உடைமை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஊருக்கொரு நிலையம்

மையத்திலிருந்து பேசும் வானொலியால் ஊரின் சிறு தேவைகளை நிறைவு செய்ய இயலாது என்பது காலப்போக்கில் உணரப்பட்டது. அதன் விளைவாக, இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30இல் நாகர்கோவிலில் தொடங்கியது. பெரிய நிலையத்தின் நிழலில் நில்லாமல், ஒரு மாவட்டத்தின் பேச்சையும் தொழிலையும் கலையையும் முதன்மைப்படுத்துவதே அதன் நோக்கம். உடைமை மாறவில்லை; முடிவெடுக்கும் இடம்தான் ஊருக்கு அருகில் வந்தது.

1978இல் பி. ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு, வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அது தன்னாட்சி அமைப்பு. ஆயினும் ஊதியம் முதலிய பெருஞ்செலவுகளுக்கு அரசின் மானியத்தையே நம்பியிருக்கிறது. பணம் வரும் வழி மாறாமல் தன்னாட்சி முழுமை பெறுவது கடினம். பணியிடங்கள் நிரப்பப்படாமல் குறையும்போது முதலில் மெலிவது, ஊருக்குள் சென்று ஒலிப்பதிவு செய்யும் நிகழ்ச்சிகளே. வேறு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி அஞ்சல் செய்வது எளிது. கோபுரம் அதே இடத்தில் நிற்கும், குரல் மட்டும் வேற்றூரிலிருந்து வரும்.

சந்தைக்கு வந்த அலைகள்

1995இல் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பண்பலை வானொலியில் தனியாருக்கு இடமளிக்க அரசு முன்வந்தது. முதற்கட்டமாக 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுத்தவர், வருவாய் வந்தாலும் வராவிட்டாலும், ஒப்புக்கொண்ட தொகையை உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். அத்தொகை ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும். அவ்வாறு உயரும் கட்டணம் ஐந்தே ஆண்டுகளில் இருமடங்காகிவிடும் என்பதை எளிய கணக்கே காட்டும். பலர் பின்வாங்கினர், 21 நிலையங்களே நிலைத்தன.

நிலைத்தவற்றுள் திருநெல்வேலிச் சூரியன் பண்பலையும் ஒன்று. அதன் பின்னே சன் குழுமம் என்னும் பெரிய ஊடக நிறுவனம் இருந்தது. நட்டத்தைச் சில ஆண்டுகள் தாங்கும் வலிமை அத்தகைய உடைமையாளருக்கே உண்டு. தனித்து நிற்கும் ஒரு சிறு வணிகர் அச்சுமையைத் தாங்கியிருக்க முடியாது.

2005இல் விதி மாறியது. நிலையான கட்டணத்துக்கு மாற்றாக, மொத்த வருவாயில் 4 விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்ட கட்டணம் வந்தது. நிலையங்கள் பெருகின. தினத்தந்தி குழுமத்தின் ஹலோ பண்பலையும் நெல்லையில் ஒலிக்கத் தொடங்கியது. கருவியும் காற்றும் மக்களும் அவையே. கட்டண விதி ஒன்று திருந்தியதும் ஒரு தொழில் தழைத்தது.

தனியார் பண்பலை இப்பகுதிக்கு நன்மை செய்துள்ளது. நெல்லைப் பேச்சுவழக்கு ஒலிபரப்பில் உரிமையோடு உலவியது; உள்ளூர்க் கடைக்காரரும் விளம்பரம் செய்ய வழி பிறந்தது. எனினும், விளம்பரத்தால் வாழும் நிலையம், பொருள் வாங்கும் ஆற்றல் உடைய நேயரையே முதலில் நாடும். மேலும், சென்னையில் ஒருமுறை உருவாக்கிய நிகழ்ச்சியைப் பல நகரங்களில் ஒலிபரப்பினால் செலவு குறையும். கணக்குப் புத்தகத்துக்கு நன்மையான இம்முடிவு, ஊரின் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

தனியார் பண்பலை நிலையங்கள் தாமாகச் செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப இயலாது. அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி ஒலிபரப்பலாம். எனினும் வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு, மின்சாரம், குடிநீர், உள்ளாட்சி நிருவாகம் தரும் பேரிடர் எச்சரிக்கை ஆகியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. அவற்றை ஒலிபரப்ப 2011ஆம் ஆண்டின் கொள்கை இடமளிக்கிறது.

ஒரே கையில் ஓர் ஊர்

உடைமை ஒரே கையில் குவிந்தால் என்னவாகும்? அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்னும் உச்சவரம்பை நீக்கியது. கிளியர் சேனல் என்னும் நிறுவனம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கியது. வடக்கு டக்கோட்டாவின் மைனாட் நகரில் இருந்த ஆறு வணிக நிலையங்களும் அதற்கே உரியவையாயின. 2002 ஜனவரி 18 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், அந்நகரருகே சரக்குத் தொடர்வண்டி தடம்புரண்டு அம்மோனியா வளிமம் பரவியது. ஒருவர் உயிரிழந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். எச்சரிக்கை விடுக்க முனைந்த காவல்துறையினரால் உடனே வானொலி நிலையத்தாரோடு தொடர்பு கொள்ள இயலவில்லை. பிழை எச்சரிக்கைக் கருவியை இயக்கியவர்களுடையதா, நிலையத்தாருடையதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. எவ்வாறாயினும், ஆறு நிலையங்கள் இருந்தும் கதவைத் தட்ட வேறொரு வாசல் இல்லை என்பதை அவ்வூர் அன்று உணர்ந்தது.

இந்தியாவில் நாடு முழுவதும் உள்ள தனியார் பண்பலை நிலையங்களில் ஒருவர் 15 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்னும் வரம்பு 2022 வரை இருந்தது. அவ்வரம்பின் தேவையை மைனாட் நிகழ்ச்சியோடு சேர்த்து எண்ணினால் தெளிவாக விளங்கும்.

மக்களின் கோபுரம்

அரசும் வணிகமும் அல்லாத மூன்றாவது வழி, சமுதாய வானொலி. 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006 முதல் இலாப நோக்கமற்ற தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாயின. 2016 ஆகஸ்ட் 15இல் பாம்பனில் மீனவர்களுக்காகக் 'கடல் ஓசை' ஒலிக்கத் தொடங்கியது. காற்று, அலை பற்றிய எச்சரிக்கையும் மீனவர் வாழ்வும் அதில் முதன்மை பெறுகின்றன. கடலுக்குச் செல்பவரே நேயர். அவரது குடும்பத்தாரே பல நிகழ்ச்சிகளில் பேசுபவர்.

இவ்வகை நிலையத்தின் ஒலி சில கல் தொலைவே எட்டும், பணவசதியும் குறைவு. விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் வரை இடமுண்டு. ஆயினும் சிறிய ஊரில் விளம்பரம் தருவோர் சிலரே. தொண்டாற்றும் இளைஞர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டால் ஒலிபரப்பு தளரும். ஒரே கொடையாளரை நம்பிய நிலையம் அவர் கைவிட்டால் நின்றுவிடும். 1927இல் சென்னைக் கழகம் எதிர்கொண்ட இடர் இன்றும் வேறு உருவில் தொடர்கிறது. அன்பு தொடங்கி வைப்பதை நிலைத்த வருவாயே காத்து நிற்கும்.

ஆறும் அலையும்

பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை பல அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் கடந்து செல்கிறது. ஆறு பொதுவானது, எனினும் எந்த மடையை எப்போது திறப்பது என்பதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பொறுத்தே கடைமடை வயல் விளைகிறது. வான் அலையும் அத்தகையதே. அரசு வானொலிக்கு நீண்ட எட்டும் பொதுநோக்கும் உண்டு. தனியார் பண்பலைக்கு விரைவும் உயிர்ப்பும் உண்டு. சமுதாய வானொலிக்கு நெருக்கம் உண்டு. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் பணியை முழுமையாகச் செய்துவிட இயலாது. மூன்றும் ஒருங்கே வாழும் பகுதியில்தான் ஒன்று தவறும்போது மற்றொன்று பேசும்.

அடுத்த பெருமழை இரவில் ஸ்ரீவைகுண்டத்திலோ ஏரலிலோ ஒருவர் இருளில் வானொலிப் பெட்டியைத் திருகக்கூடும். அப்போது அவர் கேட்பது தன் ஊரின் பெயரையா, எங்கோ பதிவு செய்த பாடலையா என்பது அன்றிரவு முடிவாவதில்லை. உரிமம் வழங்கும்போதும், பணியிடம் நிரப்பும்போதும், வரவுசெலவு வகுக்கும்போதும் அது முன்னரே முடிவாகிவிடுகிறது. வான் அலை பொதுச்சொத்து என்பதால், அம்முடிவுகளைக் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமை அதன் உடைமையாளராகிய நமக்கு உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் கேட்கும் வானொலி நிலையங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் யாருக்கு உரியது, வருவாய் எவ்வாறு வருகிறது எனக் கேட்டறிந்து எழுதுக.

2. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை ஒரு மணி நேரம் கேட்டு, உங்கள் மாவட்டத்தைப் பற்றிய பேச்சு எத்தனை நிமிடம் இடம்பெற்றது எனக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. பேரிடர்க் காலத்தில் உங்கள் ஊர்மக்களுக்காக ஒலிபரப்ப ஐந்து நிமிட அறிவிப்பு ஒன்றை உருவாக்குக.