வழிநடப்போர்க்கு ஒரு குவளை நீர்

படாளத்துப் பெருஞ்சாலையோரம் சற்றே நின்று பாருங்கள். மேல்மருவத்தூருக்கு நடந்தே செல்லும் களைத்த முகங்களைக் காண்பீர்கள்.

1930 ஏப்ரல் 13 அன்று, இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ 100 தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து புறப்பட்டனர். வேதாரண்யம் கடற்கரை வரை சுமார் 240 கிலோமீட்டர் நடை. அவர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். கொடுத்தவர் யாரெனத் தெரியவில்லை, பசி தீர்ந்தது. ஏப்ரல் 28இல் தொண்டர்கள் வேதாரண்யத்தை அடைந்தனர்.

ஸகாத்துக்குரிய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் திருமறை (9:60) சேர்த்துள்ளது. நடப்பவர் எம்மதத்தவர் என வினவாமல், நம் வாசலில் ஒரு பானை நீர் வைப்போமா? நம்மைத் தடுக்க இன்று எந்த ஆணையும் இல்லையே!